ஐந்து வில்லைக்கும் ஒரே கறுப்பு

லைட் பாக்ஸ்

"ஐசே, இஞ்ச வாரும்."

செல்லத்துரை ஐயா இந்தக் குரலில் கூப்பிட்டால் ஏதோ வில்லங்கம் என்று அர்த்தம். தேத்தண்ணிக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டுப் போனேன். இருட்டறையை ஒட்டிய மேசையில் லைட் பாக்ஸ் எரிந்துகொண்டிருந்தது. அதன்மேல் ஐந்து பிலிம் துண்டுகள் வரிசையாகக் கிடந்தன. பல் டாக்டர் வாய்க்குள் வைத்துப் படம் பிடிப்பாரே, அந்த அளவுதான் ஒவ்வொன்றும்.

"என்ன தெரியுது?"

"அஞ்சும் ஒரே கறுப்பா இருக்கு சார்."

"அது எனக்கும் தெரியுது. எப்பிடி ஐசே ஒரே கறுப்பாய் இருக்கும்? ஒருத்தன் பானையைத் தூக்கிறான். இன்னொருத்தன் நூறு யார் தள்ளிக் கொடியோட நிக்கிறான். ரெண்டு பேருக்கும் ஒரே அளவு கதிர் பட்டதெண்டால் ஒண்டில் பிலிம் பிழை, இல்லாட்டி ஆக்கள் பிழை. பிலிம் கழுவினது நான்."

ஆகவே ஆட்கள்தான் பிழை. அவர் கழுவிய பிலிமைக் குறை சொல்லிவிட்டு அந்த அறையில் யாரும் நின்றது கிடையாது. மறுநாள் காலை ரயிலில் நான் அட்டனுக்கு ஏறினேன்.

இது அறுபதுகளின் நடுவில் நடந்தது. இப்போது இந்தத் துறைக்கு வரும் பிள்ளைகள் பெரிய கட்டிடத்தையும் ஏசி அறையையும் பார்த்துவிட்டு, எப்போதுமே இப்படித்தான் இருந்தது என்று நினைக்கிறார்கள். நாங்கள் அப்போது மூன்று பேர். ஒரு அறை, ஒரு இருட்டறை, இரண்டு மீட்டர். அதில் ஒரு மீட்டர் மழைக் காலத்தில் வேலை செய்யாது. கதிர் வீசும் சாமான் எதுவாக இருந்தாலும், அது ஆஸ்பத்திரிக்கு வந்தாலும் கம்பெனிக்கு வந்தாலும், எங்கள் லைசென்ஸ் இல்லாமல் துறைமுகத்தை விட்டு வெளியே போகக் கூடாது. போன பிறகும் அது எங்கே இருக்கிறது, யார் தொடுகிறார்கள், தொட்டவருக்கு எவ்வளவு பட்டது என்று பார்ப்பது எங்கள் வேலை. செல்லத்துரை ஐயா இதை ஒரே வரியில் சொல்வார். "சாமானுக்கு இல்லை ஐசே லைசென்ஸ். அதுக்குப் பக்கத்தில நிக்கிறவனுக்குத்தான்."

பேரு வெட்டு

மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் ஊடாக மின்சாரத் திட்டத்துக்குக் குழாய் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆள் நிமிர்ந்து நடக்கக்கூடிய இரும்புக் குழாய், மலை உச்சியிலிருந்து அடிவாரம் வரை. துண்டு துண்டாகக் கொண்டுவந்து வெல்டிங் செய்வார்கள். வெல்டிங் உள்ளே சரியாகப் பிடித்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. எக்ஸ்ரே மாதிரி படம் எடுக்க வேண்டும். அதற்காக ஒப்பந்தக் கம்பெனி வெளிநாட்டிலிருந்து ஒரு சோர்ஸ் கொண்டுவந்திருந்தது. கதிர் வீசும் மிளகு அளவு உலோகம். அதை அடைத்து வைத்திருந்த ஈயப் பானையோ ஒரு ஆள் பாரம்.

பானையை ஒரு நீள மரத் தடியில் கட்டித் தொங்கவிட்டு முன்னால் ஒருவரும் பின்னால் ஒருவருமாகத் தூக்கிக்கொண்டு ஏறுவார்கள். மூன்று பேர் கயிறு கட்டிச் சிவப்புக் கொடியோடு தூரத்தில் நின்று, கொழுந்தெடுக்கும் பெண்கள் அந்தப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்வார்கள். கம்பெனி டெக்னீஷியன் நீளக் கம்பியால் சோர்ஸை எடுத்துக் குழாய்க்குள் வைப்பார். இந்த ஐந்து பேரும் தோட்டத்து ஆட்கள். அவர்களில் ஒருவரான அழகர் கங்காணிதான் தலைவர்.

லைசென்ஸ் கொடுக்கும் முன்பு செல்லத்துரை ஐயாவும் நானும் போயிருந்தோம். ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். மலைக் குளிர் அவருக்கு ஆகாது. மப்ளர், குரங்குத் தொப்பி, அதற்கு மேலே ஒரு கோட்டு. அந்தக் கோலத்தில் கல் மேல் ஏறி நின்றுகொண்டு ஐந்து பேருக்கும் பிலிம் பேட்ஜைக் காட்டி விளக்கினார்.

"பானைக்குள்ள இருக்கிறது கண்ணுக்குத் தெரியாது, மணக்காது, சுடாது. ஆனால் கிட்ட நிண்டால் உடம்புக்குள்ள போகும். கனக்கப் போனால் இரத்தத்தைக் கெடுக்கும். உமக்கு எவ்வளவு போச்சுதெண்டு இந்த பேட்ஜ் எங்களுக்குச் சொல்லும். கூடக் கறுத்தால் ஆளை வேலையால எடுத்துப்போடுவம். அது உங்கட நன்மைக்குத்தான்."

ஐந்து பேரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். ஒரு வார்த்தை விளங்கவில்லை என்பது முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. அழகர் கங்காணி திரும்பி நின்று தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஐயா என்னா சொல்றாருன்னா, வில்லை கறுத்துச்சுன்னா பேரு வெட்டு."

அவ்வளவுதான் மொழிபெயர்ப்பு. கந்தோர் சேவகன் மாட்டியிருக்கும் பித்தளை வில்லையைப் பார்த்துப் பழகிய அவர்களுக்கு எங்கள் பேட்ஜ் அன்றைக்கே வில்லை ஆகிவிட்டது. 'பேர்' என்பதைத் தோட்டம் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். காலையில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, வந்து நின்று நாள் முழுதும் வேலை செய்தால் ஒரு பேர். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். பேரு வெட்டு என்றால் வேலை போச்சு என்று அர்த்தம்.

"உவர் நல்ல சுருக்கமாய்ச் சொல்லிப்போட்டார்" என்று ஐயாவுக்குச் சந்தோஷம். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நான் வட்டகொடைப் பக்கம் தோட்டத்து வரிசை வீட்டில், லயத்தில், பிறந்து வளர்ந்தவன். அந்த இரண்டு சொல் அவர்கள் வயிற்றில் என்ன செய்திருக்கும் என்று அன்றைக்கு யோசித்துப் பார்க்கவில்லை.

பத்து மணித் தேத்தண்ணி

இரண்டாவது தடவை தனியாகப் போனேன். பானை வைக்கும் கொட்டகையை மீட்டரால் அளந்தேன். பூட்டு சரி. வில்லைகளைத் தொங்கவிடும் பலகை பானைக்குத் தூரத்தில்தான் இருந்தது. காலையில் பெரட்டுக்கு முன்பே போய் நின்றுகொண்டேன். அழகர் கங்காணி ஒவ்வொருவரையும் கூப்பிட்டு அவரவர் இலக்கம் போட்ட வில்லையைக் கொடுத்தார். ஒன்றாம் இலக்கம் மாரிமுத்து, பானையின் பின்பக்கம் தூக்குபவர். முப்பது வயது இருக்கும். நல்ல கட்டுமஸ்தான ஆள், பேச்சு குறைவு. நெஞ்சில் வில்லையைக் குத்திக்கொண்டு சட்டையை இழுத்துவிட்டார். எங்கே பிழை என்று எனக்குப் புரியவில்லை.

பத்து மணிக்குத் தேத்தண்ணி நேரம். நான் ரோட்டுக்கு மேலே ஒரு பாறையில் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். கீழே மலையில் பெண்கள் இன்னும் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி நிறைமாதப் புள்ளத்தாச்சி. இடுப்பில் சுற்றும் படங்குச் சாக்கைத் தளர்த்திக் கட்டிக்கொண்டு மெதுவாக நகர்ந்தாள். அவளைக் கடந்து போன பெண்கள் ஒவ்வொருத்தியும் தன் கையிலிருந்த கொழுந்தை அவள் கூடையில் போட்டுவிட்டுப் போனாள். யாரும் நின்று பேசவில்லை, அவளும் திரும்பிப் பார்க்கவில்லை. அவளுக்கு அரைப்பேர் விழக் கூடாது என்பதற்காக. என் அம்மாவுக்கும் இப்படிப் போட்டிருக்கிறார்கள். அம்மாவும் மற்றவர்களுக்குப் போட்டிருக்கிறாள்.

ரொட்டியைக் கடித்துக்கொண்டே அண்ணாந்து குழாய்ப் பக்கம் பார்த்தேன். ஐந்து ஆண்களும் வட்டமாக உட்கார்ந்து போத்தலில் கொண்டுவந்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். குடித்து முடிந்ததும் ஒவ்வொருவரும் நெஞ்சிலிருந்த வில்லையைக் கழற்றி, வெற்றிலைத் தட்டை நகர்த்துவது போல இடது பக்கத்து ஆளிடம் கொடுத்தார். பிறகு எழும்பி வேலைக்குப் போனார்கள்.

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அடுத்த நிமிஷம் மிச்ச ரொட்டியைச் சுற்றி வைத்துவிட்டேன். அப்படியானால் மாரிமுத்துவுக்கு உண்மையில் எவ்வளவு பட்டிருக்கிறது என்று எந்த வில்லைக்கும் தெரியாது.

சட்டையும் சூடும்

மத்தியானம் அவர்களோடு போய் உட்கார்ந்தேன். சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"வில்லைய மாத்திக்கிறீங்களே, ஏன்?"

ஒருவர் மலையைப் பார்த்தார், ஒருவர் செருப்பில்லாத தன் காலைப் பார்த்தார். நான் எந்தத் தோட்டம், அப்பா பேர் என்ன, எந்த லயம் என்று சொன்னேன். அழகர் கங்காணிக்கு எங்கள் தோட்டத்துப் பெரிய கங்காணியைத் தெரிந்திருந்தது. அதுவரை 'சார்' என்றவர் 'தம்பி' என்றார். அதற்குப் பிறகுதான் பேச்சே வந்தது.

"கோவிச்சுக்காதீங்க தம்பி. மொத தடவ வில்லைய மாட்டிக்கிட்டு யோசிச்சோம். பானைய மார்ல வச்சுத் தூக்குறவன் மாரிமுத்து. அவன் வில்லைதான் மொதல்ல கறுக்கும். பேரு வெட்டிருவாங்க. இங்க பேரு வெட்டுப்பட்டா குடியிருக்குற காம்பராவும் போயிரும்ங்க."

"தோட்டத்துல வேல குடுக்க மாட்டாங்களா?"

"தோட்டத்து செக்ரோல்ல இருந்துதான் எங்க அஞ்சு பேரு பேரையும் எடுத்துட்டாங்களே. திட்டத்துல வேல செய்யிற மட்டும் காம்பராவுல இருந்துக்கன்னு தோட்டத்து தொர சொல்லியிருக்காரு. காம்பரா ஆம்பள பேருலதான் தருவாங்க. அங்க பாருங்க, லெட்சுமி. மாரிமுத்து பொஞ்சாதிதான். இந்த மாசமோ அடுத்த மாசமோ. புள்ளையப் பெத்துக்கிட்டு ரோட்டுலயா படுப்பா? அதான் ஒவ்வொரு ஏத்தத்துக்கும் வில்லைய மாத்தி மாத்தி அஞ்சு பேரும் பங்கு போட்டுக்கிட்டோம். அஞ்சு பேரு சொமந்தா பாரம் தெரியாதுங்களே."

கீழே பார்த்தேன். கூடையோடு நின்ற அதே பெண்தான். இவர்கள் ஏமாற்றவில்லை. கூடையில் ஒரு பிடி கொழுந்து போடுவதைத்தான் வில்லையிலும் செய்திருக்கிறார்கள். அதற்காக இவர்களைத் திட்டுவதற்கு எனக்கு எந்த முகம் இருக்கிறது.

ஆனால் சொல்லாமல் இருக்கவும் முடியாது. "கங்காணி, குளிருக்கு அடுப்பு கிட்ட ஒருத்தன் ரொம்ப நேரம் நிக்கிறான். ஒடம்பு சுடுது. சட்டையக் கழட்டி தூரத்துல நிக்கிறவன்கிட்ட குடுத்துட்டா அவன் ஒடம்புச் சூடு போயிருமா?" என்றேன்.

அழகர் கங்காணி தாடையைத் தடவிக்கொண்டு மாரிமுத்துவைப் பார்த்தார்.

"அப்போ நாங்க பங்கு போட்டது ஒண்ணுமே இவனுக்குக் கொறையலியா?"

"கொறையல. எல்லாம் அண்ணன் ஒடம்புலதான்."

கங்காணி கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "கொலகாரப் பாவி நான்" என்று தலையில் அடித்துக்கொண்டார். மாரிமுத்து அவர் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். அன்றைக்கு அவர் பேசியது ஒரு வசனம்தான். "விடுங்க மாமா, காம்பரா இருக்குல்ல."

நான் பானை தூக்கியது

தபால் கந்தோருக்கு ஓடிப் போய்க் கொழும்புக்கு டிரங்க் கால் போட்டேன். செல்லத்துரை ஐயா முழுக்கக் கேட்டார். மறுமுனையில் பென்சில் ஓடும் சத்தம் கேட்டது.

"அஞ்சு பிலிமையும் கூட்டினால் எவ்வளவு வருதோ, அவ்வளவும் அந்தப் பொடியனுக்குத்தான் எண்டு வைப்பம். கூட்டி வைச்சிருக்கிறன். அளவுக்கு மேல ஐசே. ஆஸ்பத்திரியில இரத்தம் பார்க்கச் சொல்லும். நாளைக்கே அவனைப் பானையில இருந்து எடும்."

"எடுத்தா காம்பரா போயிரும் சார்."

"எடும் எண்டு சொன்னன். மிச்சத்தை நான் வந்து பாக்கிறன். ஏன் அவனுக்கு மட்டும் இவ்வளவு பட்டதெண்டு நான் வாறதுக்குள்ள கண்டுபிடியும்."

மறுநாள் மாரிமுத்துவை நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, அவர் இடத்தில் பின்பக்கத் தடியை நானே தோளில் வைத்துக்கொண்டேன். பாக்கெட்டில், பட்ட கதிரை அப்போதே காட்டும் பென் மீட்டர். கந்தோரில் நாற்காலி தேய்த்த உடம்பு. நாலு எட்டு வைப்பதற்குள் தடியைத் தோள் மாற்ற வேண்டியிருந்தது. ஏற்றம் வந்ததும் எனக்கு விளங்கிவிட்டது. தடி சாய்ந்தவுடன் பானை கயிற்றோடு சறுக்கி நேரே என் வயிற்றில் வந்து மோதியது. தள்ளிவிட்டால் மறுபடி வந்து மோதியது. மேலே போய்ச் சேரும் வரை அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டுதான் நடந்தேன். கொழுந்து மலையிலிருந்து யாரோ ஒரு பெண், "ஐயாவுக்குத்தான் மாசம் போல" என்று சொல்ல, மலையே சிரித்தது. லெட்சுமியும் கூடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

உச்சியில் டெக்னீஷியன் சோர்ஸை எடுக்கும்போது மூடியைத் திறந்து பிடிப்பதும் மாரிமுத்து வேலையாம். ஏன் அவரே எப்போதும் என்று கேட்டேன். "அவரு பயப்புட மாட்டாருங்க" என்றார்கள். பென் மீட்டரைக் கண்ணில் வைத்துப் பார்த்தேன். ஒரே ஒரு ஏற்றத்துக்கு அது காட்டியது எனக்குப் பிடிக்கவில்லை.

லைசென்ஸின் கடைசி வரி

செல்லத்துரை ஐயா அதே மப்ளர் தொப்பியோடு வந்து இறங்கினார். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. நேராகக் கம்பெனி இஞ்சினியர் துரையின் கொட்டகைக்குப் போனார். நான் பின்னால் நின்றேன். பேச்சு முழுவதும் இங்கிலீஷில்தான். சாராம்சத்தை எழுதுகிறேன்.

ஐயா மூன்று விஷயம் கேட்டார். தடியில் வெட்டுப் போட்டுப் பானை சறுக்காமல் கட்ட வேண்டும். மூடியை டெக்னீஷியனே தள்ளி நின்று நீளக் கொக்கியால் திறக்க வேண்டும். தூக்குகிற ஆள் முறை வைத்து மாற வேண்டும். துரை எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

"நாலாவது ஒன்று இருக்கிறது" என்றார் ஐயா. "கதிர் கூடப் பட்டதால் ஒருவனை நிறுத்தினால், அவனுக்கு நீங்கள் இங்கேயே வேறு வேலை கொடுக்க வேண்டும். அதே சம்பளம். பேர் வெட்டக் கூடாது."

துரை சிரித்தார். அப்படி உங்கள் சட்டத்தில் எங்கே இருக்கிறது, ஆளை எடுப்பதும் நிறுத்துவதும் கம்பெனி விஷயம் அல்லவா என்று கேட்டார்.

"சட்டத்தில் இல்லை" என்றார் ஐயா, மூக்கைத் துடைத்துக்கொண்டே. "நான் எழுதும் லைசென்ஸில் இருக்கப் போகிறது. கறுத்தால் பட்டினி என்றால் எவனும் எனக்கு உண்மையான பேட்ஜ் தரமாட்டான். பொய் பேட்ஜை வைத்துக்கொண்டு நான் லைசென்ஸ் தரமாட்டேன். லைசென்ஸ் இல்லாமல் உங்கள் பானை கொட்டகையை விட்டு வெளியே வராது."

துரை என்னைப் பார்த்தார், நான் கூரையைப் பார்த்தேன். மழை பெய்துகொண்டிருந்தது. கீழே படம் எடுக்காத வெல்டிங் வரிசையாகக் காத்திருந்தது. துரை பேனாவைத் திறந்தார்.

வெளியே வந்ததும் ஐயா அழகர் கங்காணியைக் கூப்பிட்டார். "இனி பேட்ஜை மாத்தாதையுங்கோ. ஆளை மாத்துங்கோ. அதைத்தான் நீங்கள் செய்ய நினைச்சது. விளங்குதே?"

கங்காணி திரும்பினார். "வில்லை கறுத்தாலும் பேரு இருக்குன்றாருடா. இனிமே தடிய மாத்தி மாத்தித் தூக்கணுமாம்."

இந்தத் தடவை மொழிபெயர்ப்பில் ஒன்றும் குறையவில்லை.

வெறும் பிலிம்

அடுத்த முறை கழுவிய ஐந்து பிலிமும் லைட் பாக்ஸில் வேறு வேறு விதமாக இருந்தன. ஒன்று கொஞ்சம் கறுப்பு, இரண்டு சாம்பல், ஒன்று மங்கல். ஒன்றாம் இலக்கம் மட்டும் கண்ணாடி மாதிரி. மாரிமுத்து அப்போது ரோட்டு முனையில் கொடி பிடித்துக்கொண்டிருந்தார்.

ஐயா குனிந்து வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இப்பதான் ஐசே ஆக்கள் தெரியினம்" என்றார். ஒன்றாம் இலக்கப் பிலிமை ஒரு கடித உறைக்குள் போட்டு என்னிடம் தந்தார். "இதைக் கொண்டுபோய் அவனிட்டைக் காட்டும். இரத்தமும் சரியாய் வந்திட்டுதெண்டு சொல்லும்." பிலிமை வெளியே கொடுக்கக் கூடாது என்று எங்களுக்குச் சட்டம் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான்.

நான் போய்ச் சேர்ந்தபோது லயத்தில் லெட்சுமி வாசலில் உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். பெண் பிள்ளை. மாரிமுத்து அப்போதுதான் வேலை முடிந்து வந்து, கொடியைக் கதவு மூலையில் சாத்திக்கொண்டிருந்தார். உறையைப் பிரித்துப் பிலிமை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். ஒரு கறையில்லை. அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த லெட்சுமியின் முகம் அதனூடாகத் தெரிந்தது.

மாரிமுத்து இரண்டு கையாலும் அதை வாங்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகம் சுண்டிப் போனது.

"ஒண்ணுமே இல்லியே தம்பி."

"ஆமாண்ணே, ஒண்ணுமே இல்ல."

"தெனமும் போனேன் தம்பி. மழையிலயும் நின்னேன். கங்காணியக் கேட்டுப் பாருங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டார், லெட்சுமிக்குக் கேட்கக் கூடாது என்று. "இப்புடி வெறுமையா வந்திருக்கே, அரைப்பேர் போட்டுருவாங்களா?"

நாற்பது வருஷம் அந்த இலாகாவில் இருந்தேன். எத்தனையோ பேருக்கு எத்தனையோ அறிக்கை எழுதியிருக்கிறேன். அந்த வாசலில் நின்று சொன்னதை விடச் சந்தோஷமான முடிவு ஒன்றை நான் யாருக்கும் சொன்னதில்லை.

"முழுப்பேருண்ணே" என்றேன்.